தேய்ந்த சீமெந்துத் தரை, பாசி பிடித்த இஸ்தோப்பு, உடைந்த வாசல் பாதை: மலையக வீடுகளுக்கான கேள்வி பதில்

லயத்துக் காம்பராவோ, 7 பேர்ச் காணியில் கட்டிய தனி வீடோ, டவுன் பக்கத்து மாடி வீடோ, நம் பக்கத்தில் சீமெந்துத் தரையைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். மழையாக மேலே விழுகிறது, பின்னாலிருக்கும் மண்மேட்டிலிருந்து கசிகிறது, அடியிலிருந்து ஈரமாக ஏறுகிறது. அது வரும் வழியை அடைக்காமல் மேலே பூசுகிறவர் இரண்டு மழைக்காலத்துக்குள் மறுபடி பூச வேண்டிவரும். அளவுகளை அடியிலும் அங்குலத்திலும் தந்திருக்கிறோம். ஹார்ட்வெயார் கடையிலும் பாஸ்மாரிடமும் இன்னும் அந்தக் கணக்குத்தான் ஓடுகிறது.

பழைய தரைக்கு மேலேயே பூசலாமா, உடைத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டுமா?

சுத்தியலால் மெதுவாகத் தட்டிக்கொண்டே தரை முழுக்கப் போங்கள். 'டங்' என்று கெட்டியாகக் கேட்கும் இடத்தில் பழைய தரை அடித்தளத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. 'டொப்' என்று வெற்றாகக் கேட்டால் அங்கே பூச்சு கழன்றுவிட்டது. அப்படிப்பட்ட இடங்களைச் சோக்கட்டியால் வட்டம் போட்டு வாருங்கள். நாலைந்து வட்டம் என்றால் அவற்றை மட்டும் கொத்தி எடுத்து நிரப்பிவிட்டு முழுவதற்கும் மேலே ஒரு பூச்சுப் போடலாம். தரையில் பாதிக்கு வட்டம் விழுந்துவிட்டால் மேல்பூச்சுக்குக் காசு செலவழிப்பது வீண். கழன்ற தரைக்கு மேலே போடும் புதுப் பூச்சு கழன்ற தரையோடு சேர்ந்தே ஆடும்.

தட்டுவதற்கு முன் இன்னொன்றையும் பாருங்கள். தரை ஒரு மூலையில் இறங்கியிருக்கிறதா? அடியில் மண் கரைந்து பள்ளமாகியிருக்கலாம், எலி வளை போட்டிருக்கலாம். அந்த மூலையை உடைத்து, மண்ணைத் தண்ணீர் தெளித்து இடித்துக் கெட்டிப்படுத்தி, புதிதாகக் கொங்கிரீட் போட்ட பிறகுதான் மேல்பூச்சைப் பற்றி யோசிக்க வேண்டும்.

தரையில் விரிசல் ஓடுகிறது. எது சும்மா விரிசல், எது பயப்பட வேண்டியது?

வலை பின்னியதுபோல் தலைமயிர் அளவு மெல்லிய கோடுகள் என்றால் அது மேற்பரப்பு மட்டும் சம்பந்தப்பட்டது. பூச்சு சீக்கிரம் காய்ந்ததால் வந்தது. மேலே பூசினால் மறையும்.

ஒரே கோடாக, அறையின் குறுக்கே ஓடுகிற விரிசல் வேறு. விரலை வைத்துப் பாருங்கள். இரு பக்கமும் ஒரே மட்டத்தில் இருந்தால், காய்ந்து சுருங்கியதால் வந்திருக்கலாம். ஒரு பக்கம் தாழ்ந்து படிபோல் தடுக்கினால் அடித்தளம் இறங்கியிருக்கிறது. பென்சிலால் விரிசலின் இரண்டு முனைகளிலும் கோடு கீறி, திகதி எழுதி வையுங்கள். ஒரு மழைக்காலம் முழுக்க அது நகராமல் இருந்தால் கிரைண்டரால் விரிசலைக் கிட்டத்தட்ட அரை அங்குல அகலத்துக்கும் ஆழத்துக்கும் வெட்டி, தூசு போக்கி, லேட்டெக்ஸ் (சீமெந்தோடு கலக்கும் பால்போன்ற ஒட்டுத் திரவம்) கலந்த சாந்தால் நிரப்பலாம். மழைக்கு விரிந்து வெயிலுக்குச் சுருங்குகிற விரிசலைச் சாந்தால் அடைக்க முடியாது. அதே இடத்தில் புதுப் பூச்சும் வெடிக்கும். அங்கே புதுப் பூச்சிலும் ஒரு வெட்டு விட்டு, ரப்பர்போல் இழுபடும் பொலியூரிதேன் சீலன்ட் அடிப்பதுதான் வழி.

இனி, சீமெந்து வாங்கவே கூடாத நிலைமை. தரை விரிசல் சுவரிலும் ஏறுகிறது. நேற்றுவரை மூடிய கதவு இன்று நிலையில் இறுகுகிறது. வீட்டுக்கு மேலேயுள்ள தேயிலை மலையில் நிலம் வாய் பிளந்திருக்கிறது. மரமும் மின்கம்பமும் சாய்கின்றன. முன்பு ஊற்று இல்லாத இடத்தில் சேற்றுத் தண்ணீர் ஊறுகிறது, அல்லது வற்றாத பீலி திடீரென்று நின்றுபோகிறது. இவை மண் நகர்வதன் அடையாளங்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போன பிறகு இதை நம் ஆட்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் இப்படிப்பட்ட விரிசலைப் பூசி மறைத்துவிட்டு உள்ளேயே படுப்பவர்கள் இருக்கிறார்கள். பூசாதீர்கள். கிராம உத்தியோகத்தருக்கும் பிரதேச செயலகத்துக்கும் சொல்லி, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆட்களை வந்து பார்க்கச் சொல்லுங்கள். மழை பெய்துகொண்டிருக்கும்போதே இவை தென்பட்டால் பிள்ளைகளோடு முதலில் வெளியேறுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அழைப்பது அதற்குப் பிறகு.

சுவரோரத் தரை எப்போதும் ஈரம். வெள்ளையாகப் பூக்கிறது. மேலே பூசினால் நிற்குமா?

நிற்காது. அந்த வெள்ளை, தண்ணீர் சீமெந்துக்குள்ளால் வரும்போது கரைத்துக் கொண்டுவரும் உப்பு. தண்ணீர் ஆவியாகிப் போக உப்பு மேலே தங்குகிறது.

ஈரம் அடியிலிருந்து வருகிறதா, பனிக்காற்றில் தரை வியர்க்கிறதா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி தடித்த பொலித்தீன் துண்டைத் தரையில் விரித்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி, ஓர் இரவு முழுக்க, குறைந்தது 16 மணித்தியாலம் விட்டுவையுங்கள். பிரித்துப் பார்க்கும்போது பொலித்தீனின் அடிப்பக்கம் நீர்த்துளி இருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ ஈரம் கீழிருந்து வருகிறது.

வந்தால் வேலை வெளியே தொடங்குகிறது. மலையை வெட்டிக் கட்டிய வீடுகளில் கோடிப் பக்கத்து மண்மேட்டுக்கும் சுவருக்கும் இடையில் ஒரு கான் இருக்கும், அல்லது ஒரு காலத்தில் இருந்திருக்கும். அதில் மண்ணும் இலையும் நிறைந்து உள்தரையைவிட உயரத்துக்கு வந்திருப்பதைத்தான் பெரும்பாலும் பார்க்கிறோம். அதைத் தோண்டி, உள்தரை மட்டத்தைவிட ஓர் அடியாவது தாழ இறக்கி, தண்ணீர் தேங்காமல் ஓடும்படி சரிவு கொடுங்கள். கூரைத் தண்ணீர் நேரே சுவரடியில் கொட்டினால் பீலித் தகரம் அடித்து அப்பால் கொண்டுபோங்கள். அரை நாள் மண்வெட்டி வேலை, இரண்டு மூடை சீமெந்து செய்யாததைச் செய்யும்.

பழைய லயங்களில் பலவற்றுக்கு ஈரம் தடுக்கும் படலமே போடவில்லை. கான் வெட்டிய பிறகும் ஈரம் விடாவிட்டால், பழைய தரைமேல் 1000 கேஜ் தடிப்புள்ள பொலித்தீன் விரித்து, அதன்மேல் குறைந்தது இரண்டரை அங்குலத்துக்குப் புதுத்தளம் போட வேண்டும். பொலித்தீன் இடையில் இருப்பதால் இது பழைய தரையோடு ஒட்டாது, தன் தடிப்பில்தான் நிற்கும். ஆகவே தடிப்பைக் குறைக்காதீர்கள். தரை உயர்வதால் கதவின் அடியை அறுக்க வேண்டிவரும், வாசற்படியின் உயரமும் மாறும். இரண்டையும் முன்கூட்டியே அளந்துகொள்ளுங்கள்.

எந்த மாதத்தில் செய்வது?

ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலை, நுவரெலியா பக்கம் என்றால் பொங்கல் கழிந்து மார்ச் நடுப்பகுதி வரை. மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்கினால் செப்டெம்பர் வரை வெளி வேலையை மறந்துவிடுங்கள். பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளை பக்கம் கணக்கு வேறு. அங்கே ஜூன் முதல் ஓகஸ்ட் வரை காய்ந்த காலம். ஆனால் அந்தக் காற்று இருக்கிறதே, அது ஈரப் பூச்சின் மேல்தோலைச் சில மணித்தியாலத்திலேயே உறிஞ்சி வெடிக்க வைத்துவிடும். காற்று வரும் பக்கம் படங்கோ தகரமோ கட்டி மறைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

நடைமுறையில் என்ன நடக்கிறது? தீபாவளி முற்பணம் கைக்கு வரும்போதுதான் வீட்டு வேலை ஞாபகம் வருகிறது. ஒக்டோபர், நவம்பர் என்பது மலைநாடு முழுக்க இடியும் மழையுமான காலம். பண்டிகைக்குள் இஸ்தோப்பு மினுங்க வேண்டும் என்று அவசரப்பட்டுப் போட்ட வெளிப்பூச்சு, அன்றைய பின்னேர மழையிலேயே கழுவுப்பட்டுப் போவதுண்டு. காசு கையில் நிற்காது என்ற பயம் நியாயமானதுதான். அதற்காகச் சீமெந்தை வாங்கி அடுக்கி வைக்காதீர்கள். நம் ஈரத்தில் மூன்று மாதம் கிடந்த சீமெந்து பலம் குறைந்துவிடும். மணலையும் கல்லையும் இப்போது இறக்கி வையுங்கள், அவை கெடாது. சீமெந்தைத் தையில் வாங்குங்கள். உள் அறைத் தரையை மட்டும் பண்டிகைக்கு முன் முடிக்கலாம்.

தரை தூள் தூளாகக் கொட்டுகிறது. கூட்டக் கூட்டத் தூசு வருகிறது.

மேற்பரப்பு பலமில்லாமல் போய்விட்டது என்று அர்த்தம். சாந்தில் தண்ணீரை அளவுக்கு மேல் ஊற்றியிருப்பார்கள், அல்லது பூசிய பிறகு நனைக்காமல் விட்டிருப்பார்கள்.

மலையகத்தில் மூன்றாவதாக ஒரு காரணமும் உண்டு. பலருக்கு அது தெரிவதில்லை. குளிராக இருக்கிறதே, சீக்கிரம் காயட்டும் என்று புதிதாகப் போட்ட தரை இருக்கும் அறையில் கரிச்சட்டி வைப்பார்கள், அல்லது பக்கத்தில் விறகடுப்பு எரிந்துகொண்டே இருக்கும், கதவு ஜன்னல் பூட்டியிருக்கும். நெருப்பிலிருந்து வரும் காபனீரொட்சைட்டு, இன்னும் இறுகாத சீமெந்தின் மேல்தோலோடு சேர்ந்து அதைச் சுண்ணாம்புத் தூளாக மாற்றிவிடும். முதல் 24 மணித்தியாலத்தில்தான் இந்தச் சேதம் நடக்கிறது. குசினித் தரை போடும் நாளில் அடுப்பை வெளியே மாற்றுங்கள், அல்லது பக்கத்து வீட்டில் சமையுங்கள்.

லேசாகத் தூசு வரும் தரைக்கு முழுப் பூச்சு தேவையில்லை. நன்றாகத் தேய்த்துக் கழுவிக் காயவிட்டு, சோடியம் சிலிக்கேட் உள்ள தரை இறுக்கியை இரண்டு முறை பூசினால் மேற்பரப்பு இறுகும். விரல் நகத்தால் சுரண்டினாலே பள்ளம் விழுகிறது என்றால் அந்த மென்மையான பகுதி முழுவதையும் கொத்தி எடுக்க வேண்டும்.

பூசுவதற்கு முன் எப்படிச் சுத்தம் செய்வது? பாசி, எண்ணெய், மெழுகு எல்லாம் இருக்கிறது.

பாசிக்குக் குளோரின் தூளைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, இரும்புத் தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள். கழுவிய தண்ணீர் மரக்கறிப் பாத்திக்கும் பீலிக்கும் போகாமல் பாருங்கள். ஆட்டோ நிறுத்தும் இடத்து எண்ணெய்க் கறைக்குச் சலவைத் தூளைச் சுடுதண்ணீரில் கரைத்துப் பலமுறை தேய்க்க வேண்டும். ஆழமாக ஊறிய எண்ணெய் போகாது, அந்த இடத்தைக் கொத்திவிடுவதுதான் சுகம். சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உருண்டு நின்றால் இன்னும் மெழுகோ எண்ணெயோ இருக்கிறது. உறிஞ்சிக்கொண்டால் சரி.

சிலர் அசிட் ஊற்றச் சொல்வார்கள். ஹார்ட்வெயாரில் விற்கும் ஹைட்ரோகுளோரிக் அசிட்டை, ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீராகக் கலந்து, முதலில் நனைத்த தரையில் ஊற்றுவது உலகம் முழுக்க உள்ள முறைதான். கலக்கும்போது தண்ணீருக்குள்தான் அசிட்டை ஊற்ற வேண்டும். அசிட்டுக்குள் தண்ணீரை ஊற்றக் கூடாது. பிறகு அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, மறுபடி வெறும் தண்ணீரால் கழுவ வேண்டும். ஆனாலும் காற்றோட்டமில்லாத காம்பராவுக்குள் நாங்கள் இதைப் பரிந்துரைக்க மாட்டோம். குளோரின் ஊற்றிய தரையில் அசிட் பட்டால் நச்சு வாயு கிளம்பும், அது உயிருக்கே ஆபத்து. உளியும் சுத்தியலும் எடுத்துத் தரை முழுக்க நெருக்கமாகக் கொத்திவிடுவது இதைவிட நல்லது. சொரசொரப்பும் கிடைக்கும், நச்சுப் புகையும் இல்லை. கிரைண்டர் பிடித்தால் தண்ணீர் தெளித்துக்கொண்டே பிடியுங்கள். அந்தத் தூசு நுரையீரலுக்குக் கெடுதல்.

புதுப் பூச்சு பழையதோடு ஒட்ட என்ன செய்ய வேண்டும்?

முழு வேலையின் உயிரும் இங்கேதான் இருக்கிறது, அவசரமும் இங்கேதான் நடக்கிறது.

கொத்திச் சுத்தம் செய்த தரையை முதல் நாளே நன்றாக நனைத்து வையுங்கள். காய்ந்த பழைய கொங்கிரீட், புதுச் சாந்தில் உள்ள தண்ணீரை இழுத்துக்கொள்ளும். தண்ணீரில்லாத சாந்து ஒட்டாது. பூசும் நேரத்தில் தரை உள்ளே ஈரமாகவும் மேலே தண்ணீர் நிற்காமலும் இருக்க வேண்டும். குட்டையாக நிற்கும் தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள்.

அதன்பின் ஒட்டுப் பூச்சு. எஸ்.பி.ஆர். லேட்டெக்ஸ் ஹார்ட்வெயாரில் கிடைக்கிறது. போத்தலில் எழுதியிருக்கும் அளவுக்குத் தண்ணீர் கலந்து, சீமெந்து சேர்த்துக் கூழாக்கி, தூரிகையால் கொத்திய குழிகளுக்குள் போகும்படி தேய்த்துப் பூச வேண்டும். அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே மேலே சாந்து விழ வேண்டும். காய்ந்துவிட்டால் அதுவே இரண்டுக்கும் இடையில் வழுக்கும் படலமாகிவிடும். ஆகவே அறை முழுக்க ஒரேயடியாகப் பூசிவிட்டு பாஸ் தேநீர் குடிக்கப் போகக் கூடாது. மூன்று, நான்கு அடி அகலத்துக்குப் பூசு, சாந்து போடு, அடுத்த துண்டுக்குப் போ. மர வேலைக்கு வாங்கும் வெள்ளைப் பசையைக் கலக்கச் சொல்பவர்கள் உண்டு. ஈரம் பட்டால் அது மறுபடி இளகும். நம் ஊர் ஈரத்துக்கு அது வேண்டாம்.

ஓரங்களைச் சீவிச் சீவிச் சூனியத்துக்குக் கொண்டுவந்து முடிக்காதீர்கள். காகிதம்போல் மெலிந்த ஓரம்தான் முதலில் பெயரும். கிரைண்டரால் நேர்கோட்டில் வெட்டி, அரை அங்குல ஆழத்துக்குப் படி கொடுத்து அங்கே முடியுங்கள். பழைய தளத்தில் மூட்டு வெட்டு இருந்தால் அதே கோட்டில் புதுப் பூச்சிலும் வெட்டு விட வேண்டும்.

எவ்வளவு தடிப்பு? எத்தனை மூடை வாங்குவது?

வீட்டுக்குள் நடக்கும் தரைக்குச் சாந்துப் பூச்சு ஓர் அங்குலம். ஒன்றரை அங்குலம் வரை போகலாம். கலவை ஒன்றுக்கு மூன்று (ஒரு பங்கு சீமெந்துக்கு மூன்று பங்கு மணல்), தண்ணீர் படாத உள்ளறைக்கு ஒன்றுக்கு நான்கும் போதும்.

10 அடிக்கு 12 அடிக் காம்பரா ஒன்றை எடுத்துக்கொள்வோம். 120 சதுர அடி, ஓர் அங்குலத் தடிப்பு என்றால் 10 கன அடிச் சாந்து. உலர்ந்த நிலையில் கலக்கும்போது அதைவிட மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கூடுதலாக வேண்டும், ஏறக்குறைய 13 கன அடி. ஒரு மூடைச் சீமெந்து ஏறத்தாழ ஒன்றேகால் கன அடி. ஒன்றுக்கு மூன்று கலவைக்கு இரண்டே முக்கால் மூடை வருகிறது, மூன்று வாங்குங்கள். மணல் 10 கன அடி, சேதாரத்தோடு 12. ஒரு கியூப் என்பது 100 கன அடி, ஆகவே ஓர் அறைக்காக ஒரு கியூப் மணல் இறக்கச் சொல்பவர் மிச்சத்தை எங்கே கொண்டுபோகப் போகிறார் என்று கேளுங்கள்.

நனைந்த மணல் உப்பிக் கொள்ளும், தாச்சியால் அளக்கும்போது நாலில் ஒரு பங்கு வரை ஏமாற்றும். மழை நாளில் மணல் தாச்சியைக் கொஞ்சம் தாராளமாகவே அள்ளலாம்.

மணலும் சீமெந்தும் எப்படிப் பார்த்து வாங்குவது?

சீமெந்து மூடையில் எஸ்.எல்.எஸ். (இலங்கைத் தரநிலை) 107 என்று போட்ட சாதாரண போர்ட்லன்ட், அல்லது எஸ்.எல்.எஸ். 1247 என்று போட்ட கலப்புச் சீமெந்து. எஸ்.எல்.எஸ். 515 என்று இருந்தால் அது கல் கட்டவும் சுவர் பூசவும் உள்ள மேசன் சீமெந்து. விலை குறைவுதான், தரைக்கு எடுக்காதீர்கள்.

மணலை ஒரு கண்ணாடிப் போத்தலில் பாதிக்குப் போட்டு, உப்புத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி மூன்று மணித்தியாலம் வைத்துவிடுங்கள். மணலுக்கு மேலே படியும் சேற்றுப் படை மணலின் உயரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கைத் தாண்டினால் கழுவித்தான் பாவிக்க வேண்டும். ஓடைகளில் அள்ளும் மணலில் களியும் மைக்காவும் கூடுதலாக இருக்கும். குவாரித் தூள் சேர்க்கலாம், ஆனால் அதையும் இதே போத்தலில் சோதியுங்கள். ஆற்று மணல் வாங்கும்போது லொறிக்காரரிடம் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பாஸ் சீமெந்துத் தூளைத் தூவி மினுக்குகிறார். நல்லதுதானே?

கண்ணுக்கு நல்லது. சாந்து தண்ணீராக இருந்ததால் மேலே தண்ணீர் ஊறி நிற்கும், அதை உறிஞ்சச் சீமெந்தைத் தூவிக் கரண்டியால் இழுப்பார். அடியில் பலமில்லாத, மேலே மட்டும் சீமெந்து கனத்த ஒரு தோல் உருவாகும். மாதங்கள் போக அது வலைபோல் வெடித்து உரியும். ஊறிய தண்ணீர் தானாக வற்றும்வரை காத்திருந்து, மட்டப்பலகையால் தேய்த்து, பிறகு இரும்புக் கரண்டியால் இழுத்தாலே மினுக்கம் வரும். குளிரில் அதற்கு நேரம் எடுக்கும். காலையில் போட்டதை நுவரெலியாவில் பின்னேரம் வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டியும் வரலாம். நாள் கூலிக்கு வருகிறவர் காத்திருப்பார், முழு வேலைக்கும் மொத்தமாகப் பேசி வருகிறவர் தூளைத் தூவிவிட்டுப் போவார்.

இஸ்தோப்புக்கும் வாசலுக்கும் மினுக்கவே வேண்டாம். பனியும் பாசியும் சேர்ந்தால் மினுக்கிய சீமெந்தில் வயதானவர்கள் விழுவார்கள். மட்டப்பலகையோடு நிறுத்தி, சாந்து இறுகத் தொடங்கும்போது ஈர்க்குமாற்றால் ஒரே திசையில் ஒருமுறை இழுத்துவிடுங்கள். சரிவு அடிக்கு கால் அங்குலம் வெளிப்பக்கமாக.

ரோட்டிலிருந்து வீட்டுக்கு இறங்கும் பாதை செங்குத்து. ஆட்டோ ஏறும்போது சறுக்குகிறது. மேலே பூசலாமா?

சக்கரம் ஏறும் இடத்தில் சாந்துப் பூச்சு வேண்டாம். மணலும் சீமெந்தும் மட்டும் உள்ள ஓர் அங்குலப் பூச்சைச் சக்கரம் திருகி எடுத்துவிடும். பழைய கொங்கிரீட் கெட்டியாக இருந்து, மேற்பரப்பு மட்டும் தேய்ந்திருந்தால், சிறு கல் சேர்த்து ஒன்று, ஒன்றரை, மூன்று (சீமெந்து, மணல், கல்) என்ற கலவையில் இரண்டு அங்குலத்துக்கு மேல்தளம் போடலாம். கொத்துவது, நனைப்பது, ஒட்டுப் பூச்சு எல்லாம் முன்பு சொன்னபடிதான். பழையது உடைந்து ஆடினால் அகற்றிவிட்டு நான்கு அங்குலம் புதிதாகப் போடுங்கள்.

செலவைக் குறைக்க இரண்டு சக்கரத் தடம் மட்டும் போடுவது வேன், காருக்குச் சரி. ஆட்டோவுக்கு முன்சக்கரம் நடுவில் ஓடுகிறது என்பதை மறந்து இரட்டைத் தடம் போட்டு, நடுவில் புல்லும் சேறுமாக விட்ட பாதைகள் எத்தனையோ இருக்கின்றன. ஆட்டோ வரும் வீடு என்றால் முழு அகலத்துக்கும் போடுங்கள். 8 அடி அகலம், 30 அடி நீளம், 4 அங்குலத் தடிப்புக்கு 80 கன அடிக் கொங்கிரீட். ஒன்று, இரண்டு, நான்கு கலவையில் 15 மூடைச் சீமெந்து, 35 கன அடி மணல், 70 கன அடி முக்கால் அங்குலக் கல் வரும். எட்டு அடிக்கு ஒரு வெட்டு விடுங்கள்.

கீழிருந்து மேலே ஏறிப் போடுங்கள். சரிவில் தண்ணீரான கொங்கிரீட் வழிந்து கீழே கூடிவிடும், கெட்டியாகவே கலக்க வேண்டும். இறுகத் தொடங்கியதும் ஒரு கம்பியாலோ குழாயாலோ குறுக்குக் கோடுகளை அழுத்திப் பதியுங்கள். நேர் குறுக்காக இல்லாமல் பக்கத்துக் கானை நோக்கிக் கொஞ்சம் சாய்த்துப் பதித்தால் மழைத் தண்ணீரும் அதன் வழியே ஓடிவிடும். பாதையின் அடியில், வீட்டு வாசலுக்கு முன்னால், குறுக்கே ஒரு கான் கட்டாயம். இல்லாவிட்டால் ரோட்டுத் தண்ணீர் முழுக்க இஸ்தோப்புக்கு வரும்.

பாட்டன் காலத்துச் சிவப்புத் தரை மங்கிவிட்டது. டைல்ஸ் போட்டுவிடலாமா?

வேண்டாம் என்றே சொல்வோம். பல சிவப்புத் தரைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, பழைய மெழுகு அழுக்கோடு கறுத்துக் கிடக்கிறது, அவ்வளவுதான். டர்பன்டைன் நனைத்த துணியால் ஒரு மூலையைத் தேய்த்துப் பாருங்கள். கீழே நல்ல சிவப்பு தெரிந்தால் முழுவதையும் அப்படியே எடுத்து, சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, காய்ந்த பின் சிவப்புப் பொலிஷ் போட்டுத் தேங்காய் மட்டையால் தேயுங்கள். டர்பன்டைன் பாவிக்கும்போது அடுப்பு எரியக் கூடாது, ஜன்னல் திறந்திருக்க வேண்டும்.

பெயர்ந்த இடத்தைத் திருத்தினால் நிறம் சரியாகச் சேராது, ஒட்டுப் போட்டது தெரியும். முழு அறையும் புதிதாக வேண்டுமானால் சிவப்பு ஒட்சைட்டுத் தூள் ஒரு மூடைச் சீமெந்துக்கு இரண்டரை கிலோ. ஐந்து கிலோவைத் தாண்டினால் பலம் குறையும். தூளையும் சீமெந்தையும் தண்ணீர் படுமுன் உலர்வாகவே சல்லடையில் பலமுறை சலித்துக் கலக்க வேண்டும். ஓர் அறைக்குத் தேவையான முழுவதையும் ஒரே தடவையில் கலந்து வைத்துக்கொண்டால் திட்டுத்திட்டாக நிறம் மாறாது.

பக்கெட்டில் வரும் ரெடிமேட் மேல்பூச்சு, எபொக்சி, தரைப் பெயின்ட் எல்லாம் பிரயோசனமா?

பொலிமர் கலந்த ரெடிமேட் பூச்சு கால் அங்குலத்துக்குள் மெல்லியதாகப் போடக்கூடியது. கதவு உயரம் இடங்கொடுக்காத வீட்டில், தரை கெட்டியாக இருந்தால், விலைக்கேற்ற பயன் உண்டு. எபொக்சி ஈரம் ஏறும் தரையில் கொப்புளம் போடும், 10 பாகை செல்சியஸுக்குக் கீழே சாதாரண வகை சரியாக இறுகாது, வெயிலில் மஞ்சளாகும். டவுனில் கடை வைத்திருப்பவர், தரை ஈரமில்லை என்று பொலித்தீன் சோதனையில் உறுதிப்படுத்தியவர் போடலாம். வெளி வாசலுக்குப் பெயின்ட் அடிப்பது ஒவ்வொரு வருடமும் அடிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும்.

லயத்தில் இருக்கிறோம். தோட்ட நிர்வாகத்திடம் கேட்க வேண்டுமா?

உள்ளே மேல்பூச்சுக்கு யாரும் கேள்வி கேட்பதில்லை. உடைத்து எடுப்பது, இஸ்தோப்பை நீட்டுவது, கான் திசையை மாற்றுவது என்றால் முதலில் எழுத்தில் கேட்டுவிடுங்கள். பக்கத்துக் காம்பராக்காரரிடமும் சொல்லுங்கள், உங்கள் கான் தண்ணீர் அவர் தரைக்குப் போனால் சண்டை நிச்சயம்.

எத்தனை நாள் நனைக்க வேண்டும்? எப்போது நடக்கலாம், எப்போது வாகனம் ஏற்றலாம்?

ஏழு நாள் ஈரம் விடக் கூடாது. மறுநாளே பழைய படங்கையோ உரச்சாக்கையோ விரித்து நனைத்து, மேலே பொலித்தீன் மூடி ஓரத்தில் கல் வையுங்கள். 'இங்கேதான் எப்போதும் பனியாச்சே, தானாகவே நனையும்' என்று விடுகிறார்கள். பனி காலையில் வரும், பகல் காற்று அதைவிட அதிகம் கொண்டுபோய்விடும்.

குளிர் சீமெந்தைக் கெடுப்பதில்லை, மெதுவாக்குகிறது. 10 பாகை குறைந்தால் இறுகும் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும், 5 பாகைக்குக் கீழே கிட்டத்தட்ட நின்றே போகும். ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் நுவரெலியாவில் உறைபனி விழும் நாட்களும் உண்டு. அந்த வாரத்தில் போடுவதானால் காலையிலேயே முடித்து, சாயங்காலத்துக்குள் பொலித்தீனுக்கு மேல் உலர்ந்த சாக்கும் வைக்கோலும் போட்டு மூடிவிடுங்கள்.

கம்பளை, கண்டி போன்ற தாழ்ந்த இடங்களில் ஒரு நாள் கழித்து வெறுங்காலால் நடக்கலாம். நுவரெலியா, கந்தப்பளை உயரத்தில் இரண்டு நாள் பொறுங்கள். கட்டில், அலுமாரி ஒரு வாரத்துக்குப் பிறகு. ஆட்டோ, மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு வாரம். மணல் லொறி போன்ற பாரத்துக்கும், பெயின்ட் அடிப்பதற்கும் 28 நாள். பூசும்போது கையுறையும் பூட்ஸும் போட்டுக்கொள்ளுங்கள். ஈரச் சீமெந்து தோலை அரிக்கும், எரிச்சல் தெரிய வரும்போது புண்ணாகியிருக்கும். கண்ணில் தெறித்தால் சுத்தமான தண்ணீரால் பதினைந்து, இருபது நிமிடம் விடாமல் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போகும் ஏற்பாட்டைப் பாருங்கள்.